அறுபது சொல்லில் ஒரு தம்பி

மார்ச் 3

இன்று மூன்று சொற்கள்: ஃபயர்வால், ரீமேக், குட்வில். ஒவ்வொன்றுக்கும் அறுபது சொல்லில் விளக்கம், கடைசியில் ஓர் உதாரணம். காலையில் இணையதளத்தில் வரும். மாலையில் யாருக்கும் நினைவிருக்காது. பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவனுக்குப் பிழைப்பு இது.

குட்வில்: கடையை விற்கும்போது சரக்குக்கு மேல் அதன் பெயருக்காகக் கிடைக்கும் விலை. உதாரணம்: அண்ணன் பாடுபட்டுச் சேர்த்த பெயரைத் தம்பி ஒரே கையெழுத்தில் எடுத்துக்கொண்டான்.

நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 6

பாஸ்வேர்ட். உதாரணத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. நானும் தம்பியும் சேர்ந்து தொடங்கிய கம்ப்யூட்டர் கடையில், ஒரு திங்கட்கிழமை என் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. "நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுண்ணே" என்றான். அதோடு பேச்சு நின்றது.

படிக்கட்டும். படித்து வயிறு எரியட்டும். வேறென்ன வேண்டும் எனக்கு?

மார்ச் 9

தளத்தின் எடிட்டர் பெண் அழைத்தாள். என் மகள் வயது இருக்கும்.

"சார், எல்லா உதாரணத்துலயும் ஒரு தம்பி வர்றான். வந்தா திருடறான். 'ரீமேக்'ல கூடத் திருடிட்டான் சார்!"

"சும்மா உதாரணம்மா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திடுங்க. அதுவரைக்கும் புதுசு எதுவும் போட மாட்டோம். இல்லன்னா வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டாங்க."

சமையலறையிலிருந்து மனைவி: "அண்ணன் தம்பி சண்டைக்கு அகராதியே போட்டாச்சு. இனிமே என்ன பாக்கி?"

மார்ச் 10

மாற்ற மாட்டேன்.

மார்ச் 12

தம்பி மனைவி போன் செய்தாள். வக்கீல் நோட்டீஸ் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன்—சந்தோஷமாகத்தான் எடுத்தேன்.

"அத்தான், மூணு நாளா ஒண்ணும் வரலையே. உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேக்கச் சொன்னாரு."

"யாரு?"

"உங்க தம்பிதான். காலைல எந்திரிச்சதும் அதைத்தான் படிப்பாரு. சத்தமா."

"அதுல வர்றவன் யாருன்னு..."

"தெரியாம இருக்குமா அத்தான்? முதல் நாளே தெரியும். அண்ணன் என்னைப் பத்திப் பேசறது இதுல மட்டும்தான், பேசட்டும்னு சொன்னாரு."

வைத்துவிட்டேன். நடிப்பா? அவனுக்கு அது கைவந்த கலை. ஆனாலும்—சத்தமாகவா படிப்பான்? வெட்கம் மானம் கிடையாதா இவனுக்கு? திருட்டுப் பயல்.

மார்ச் 13, வெள்ளி

மாற்றி அனுப்பிவிட்டேன். தம்பி இருந்த இடத்திலெல்லாம் "ஒரு நிறுவனம்". வேலை போனால் வாடகையை யார் கொடுப்பது? அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

படித்துப் பார்த்தேன். உப்புச் சப்பில்லை.

மார்ச் 17

பேக்கப்: ஒன்று அழிந்தால் எடுத்துக்கொள்ள, வேறிடத்தில் வைத்திருக்கும் நகல். உதாரணத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எடிட்டர் பெண்ணை அழைத்தேன்—இதில் மட்டும் ஒரு தம்பி வரலாமா?

"திருடுவானா சார்?"

"கொஞ்சமாத்தான்மா."