முதலில் விழ வேண்டிய குண்டூசி

ஏப்ரல் 21, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. மூவார் பாலத்தில் நெரிசல், பத்து நிமிடம் தாமதம். ஆய்வகக் கூரை ஒழுகல், வாளி வைத்தாயிற்று. வாங்க: மெழுகுவத்தி, இருமல் மருந்து.

நான்காம் படிவ மாணவர்களின் வெப்பக் கடத்தல் அறிக்கைகள் சரிபார்ப்பு முடிந்து திரும்பி வந்தன. செம்பு, அலுமினியம், பித்தளை, இரும்பு என நான்கு கம்பிகள். ஒரு முனையில் மெழுகால் ஒட்டிய குண்டூசி, மறுமுனையில் தீ. எதன் ஊசி முதலில் விழுகிறதோ அது சிறந்த கடத்தி. பள்ளியில் இருப்பது ஒரே செட். பாதிப் பேர் முந்தின நாளே வீட்டில் எழுதி முடித்துவிடுவார்கள். இருபத்தேழு பேர் எழுதியது: செம்பு முதலில். துர்கா மட்டும்: அலுமினியம், பித்தளை, பிறகு செம்பும் இரும்பும் கிட்டத்தட்ட ஒன்றாக. எனக்கும் சந்தேகம்தான், பாதி மதிப்பெண் கொடுத்திருந்தேன். பாடக்குழுத் தலைவர் சிவநேசன் சார் அதையும் அடித்து முட்டை போட்டிருக்கிறார்.

போய்க் கேட்டேன். "புக்குல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க், டீச்சர். பரீட்சையில போயி ஊசி விழலன்னு கதை சொல்ல முடியுமா?"

துர்கா இயற்பியலை விட்டுக் கணக்கியலுக்கு மாற விண்ணப்பப் பாரம் வாங்கிவிட்டாள். புதன்தான் கடைசி நாள். "பார்த்தத எழுதுனேன் டீச்சர். பார்க்காதவங்களுக்கு ஃபுல் மார்க் லா."



ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில், புழுக்கம். நாள் முழுக்க எரிச்சல். பள்ளி விட்டதும் நானே செய்து பார்த்தேன். மூன்று முறை. மூன்று முறையும் துர்கா எழுதியபடியே.

ஆறிய கம்பிகளை அலமாரியில் வைக்கும்போது செம்புக் கம்பி கதவுக் காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. செம்பு எங்கே ஒட்டும்? அரத்தால் தேய்த்தேன். உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. விற்றவனுக்கு வெட்கமில்லை.

சிவநேசன் சாருக்குப் போன். புதுக் கம்பி வாங்கிக்கொள்ளலாம், மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றியாயிற்று, விடுங்கள் என்கிறார். விடுவதாம்.

பிறகு பழைய அறிக்கைக் கட்டுகளைப் பிரித்தேன். ஆறு வருடம், இதே கம்பி. எல்லாவற்றிலும் "செம்பு முதலில்". எல்லாவற்றிலும் சிவப்பில் சரி. என் பேனா. என் கையெழுத்து.

இருமல் மருந்து மறந்துபோயிற்று.

ஏப்ரல் 23, புதன்

மேகமூட்டம். முதல் பாடவேளையில் கம்பியைக் காந்தத்தில் ஒட்டிக் காட்டினேன். ஆறு வருடமாகப் பார்க்காமலே சரி போட்டதையும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ அடக்கடவுளே என்பதுபோல், "அலமாக்."

துர்கா சிரிக்கவில்லை. "அப்ப அந்த அக்கா அண்ணன்களுக்கெல்லாம் முட்டையா டீச்சர்?"

"முட்டை எனக்கு" என்றேன்.

அவள் அறிக்கையில் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டு, கம்பியையும் சேர்த்துத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். சிவநேசன் சார் பேசவில்லை. பேச வேண்டாம்.

இடைவேளையில் ஆய்வகத்தில் துர்கா, மிச்சமிருந்த மூன்று கம்பிகளோடு. கணக்கியல் பாரம் எங்கே என்று கேட்டேன்.

மேசையில் மெழுகு சொட்டாமலிருக்க ஸ்டாண்டுக்கு அடியில் அதை விரித்திருந்தாள்.