சுடாத ரிவால்வர்

என் அன்பு அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எதையும் மறைக்கமாட்டேன். நாங்கள் இன்னும் ஊருக்குப் போகவில்லை அப்பா. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், அல் குசைஸில் செல்வி அத்தை வீட்டு ஹாலில்தான் இருக்கிறோம்.

நீங்கள் வேலை பார்த்த மியூசியப் பட்டறையிலிருந்து உங்கள் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, உங்கள் பெயரைப் பெரிதாக எழுதி அனுப்பியிருந்தார்கள். இறந்து போனவரின் பெட்டியை ஊரில்தான் பிரிக்கணும் என்று அம்மா முடிச்சைத் தொடவேயில்லை. ஏர்போர்ட் ஸ்கேனரில் ரிவால்வர் தெரிந்தது.

"கியா ஹை?" என்று இந்தியில் கேட்டார் அதிகாரி. "லக்கடி சார், மரம் சார்!" என்று அம்மா அழுதாள். அவர் குழலை மடக்கினார். அது நடுவில் பிளந்து, ஆறு குழிகளைக் காட்டியது. எங்களை விமானம் ஏற விடவில்லை.

என் பிறந்தநாள் பரிசை அப்படித்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருந்த அசல் ரிவால்வரைக் காட்டி நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அதைப் பதுங்குகுழிச் சேற்றில் சுமந்தார்கள். பிறகு அது இந்தியாவுக்கும் இந்த வளைகுடாவுக்கும் வந்தது. அவர்கள் கிளம்பிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டது. பிடியின் அடியில் ஒரு வளையம். அதில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்களாம். "கை விட்டாலும் அது ஆளை விடாது பாப்பா. கண்ணாடிக்கு வெளிய நின்னு என்ன தெரியும்? ஒன் பொறந்தநாளுக்கு மரத்துல ஒண்ணு செஞ்சு தர்றேன்."

வளையத்தைக்கூட மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். அதுதான் எங்களையும் விடவில்லையோ? உங்களோடு எங்கள் விசாவும் போய்விட்டது. எங்கள் பாஸ்போர்ட் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. பள்ளிக்கூடம் இல்லை. ஜன்னலுக்கு மேலே எல்லா விமானமும் ஊருக்கே போவதுபோல இருக்கிறது.

நாளை என்னிடம் விசாரிப்பார்கள். "மியூசியத்துக்காகச் செஞ்சதுன்னு சொல்லிடுடி. கலாஸ், அதோட முடிஞ்சுது, விட்டுருவாங்க" என்கிறாள் அம்மா.

"மியூசியத்துல இல்லைன்னு சொல்லிட்டா?"

"ஒனக்குன்னு சொன்னா? பிள்ளைக்குத் துப்பாக்கி செஞ்ச ஆளுன்னு அப்பா பேரை எழுதிக்குவாங்க. அது ஒனக்குச் சம்மதமா?"

ஆனால் அன்று ஏர்போர்ட் மேசைமேல் கிடந்த குழலுக்குள் எட்டிப் பார்த்தேன் அப்பா. மறுபக்க வெளிச்சம் தெரியவில்லை. உள்ளே மரத்தை அடைத்திருக்கிறீர்கள், இல்லையா? அன்றைய பதற்றத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாளை சொல்வேன். என் அப்பா எனக்காகத்தான் செய்தார், திறந்து பார்ப்பதற்காகச் செய்தார், சுடுவதற்கு வழியே வைக்கவில்லை என்பேன். குழலை ஜன்னலோரம் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். உங்கள் பெயர் கெடாமல் அம்மாவை ஊருக்குக் கூட்டிப்போவேன்.

அத்தை வீட்டு மாமாவுக்கு விடியலில் டியூட்டி. விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்,
பாப்பா