மாத்திரை அட்டையில் ராடு கணக்கு

ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை ஆறு இருபது. நான்காம் நம்பர் டயாலிசிஸ் மெஷினை நகர்த்தித் துடைத்தபோது உங்கள் மாத்திரை அட்டை கிடைத்தது. பின்பக்கம் நாள்வாரியாகப் பேனாக் கோடுகள். எண்ணினேன், முப்பத்தொன்று. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது, அண்ணா.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இருபது வருடம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்ட முதுகு உங்களுடையது. சிறுநீரகம் போன பிறகும் அந்த வலி விடவில்லை. மார்ஃபின் மாத்திரையில்தான் நாள் ஓடியது. துளை போடப் பூமிக்குள் இறங்கும் ஒவ்வொரு இரும்பு ராடுக்கும் ஒரு கோடு போட்டுப் பழகியவர், வலிக்கும் அப்படியே போட்டீர்கள். "இன்னைக்கு நாலு ராடு இறங்கிருச்சுங்க தம்பி."

மூன்றாவது மணி நேரத்தில் வலி தாங்காமல் மெஷினை நிறுத்தச் சொல்வீர்கள். நாலு மணி நேரம் முடிக்காமல் போனால் நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப்போவீர்கள் என்று நான் சீறுவேன். ஒருநாள் நிதானமாகக் கேட்டீர்கள்: "ஏனுங்க தம்பி, உங்க மெஷினு என்னோட மாத்திரையையும் சேத்து உறிஞ்சுதுங்களா?" கழிவைத்தான் எடுக்கும், பேசாமல் படுங்கள் என்றேன். டயாலிசிஸ் டெக்னீஷியனுக்குப் படித்தவன் அல்லவா.

திங்கட்கிழமைகளில் கோடே இருக்காது. நேற்று வலியே இல்லை, நன்றாகத் தூங்கினார் என்று செவ்வாய்க் காலையில் உங்கள் வீட்டு அக்கா சொல்ல, நானும் குறிப்பேட்டில் 'நலம்' என்று எழுதிவைத்தேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அது தூக்கமில்லீங்க. டம்ளரப் புடிச்சா கை வெட்டி வெட்டி இழுக்குது. போர்ல வர்ற பவுடரு கலர் மாறுனா, கீழ பாறை மாறிருச்சுன்னு அர்த்தமுங்க" என்று அட்டையை டாக்டரிடம் நீட்டினீர்கள்.

அவர் நின்றபடியே படித்தார். டயாலிசிஸ் இல்லாத ஞாயிறும் திங்களும் மருந்தின் மிச்சம் வெளியேற வழியில்லாமல் சேர்கிறது. கை உதறலும் மயக்கமும் அதனால்தான், இன்னும் ஏறினால் மூச்சே நிற்கும் என்றார். மெஷினில் படுத்ததும் கழிவோடு மருந்தும் சேர்ந்து வெளியேறிவிடுகிறது, வலி திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்ற இறக்கத்தை முப்பத்தொரு கோட்டில் வரைந்திருந்தீர்கள்.

மாத்திரையை நிறுத்தி, கல்லீரல் வழியாகக் கழியும் வேறு மருந்தைத் தோலில் ஒட்டும் பட்டையாகத் தந்தார். சில வாரம் கழித்து முதல்முறையாக நாலு மணி நேரமும் படுத்திருந்தீர்கள். எழுந்து, போரில் ஊற்றைத் தொட்டவர் போல, "தண்ணி வந்துருச்சுங்க தம்பி" என்றீர்கள். கடைசியில் இதயம் நின்றுதான் போனீர்கள். அதுவரை ஒரு நாளும் பாதியில் எழவில்லை.

இன்று எட்டு மணிக்கு வரும் வாழப்பாடி அம்மாவுக்கும் அதே மாத்திரைதான். நல்லாத் தூங்குறாங்க என்று மகன் நேற்று ஃபோனில் சொன்னான். சரி என்று வைத்துவிட்டேன்.

1. இப்போதே மகனுக்கு ஃபோன். எழுப்பினால் எழுகிறாரா, கை உதறுகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது. எழவில்லை என்றால் ஆம்புலன்ஸ்.
2. அடுத்த ஃபோன் டாக்டருக்கு. அவர் சொல்லாமல் அடுத்த மாத்திரை கிடையாது.
3. இனி 'நலம்' என்று நானாக எழுதமாட்டேன்.
4. அந்த அம்மாவிடம் ஓர் அட்டையும் பேனாவும் கொடுப்பேன். அவருக்குப் பழகிய கணக்கு எது என்று கேட்பேன்.