சுவரில் நாலு விரல்

மன்சூரா,
3 அக்டோபர் 1996

அன்புள்ள தவ்ஹீதா அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஹனான் தினமும் "அத்தை எப்ப முஷப்பக் மிட்டாய் கொண்டு வரும்?" என்று உயிரை எடுக்கிறாள். சின்னவனுக்குப் பல் முளைக்கிறது.

என் தாடை எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் ரொட்டியைக் கடிக்க முடியவில்லை, சூப்பில் நனைத்து விழுங்குகிறேன். உங்கள் தம்பி என் தலையை வாசல் நிலையில் மோதியபோது நீங்கள் மட்டும் குறுக்கே விழாமல் இருந்திருந்தால், இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அதை நான் மறக்கவில்லை.

விவாகரத்து வழக்கில் ஒரு சிக்கல். அவருடைய வருமானத்தை விசாரிக்க நீதிமன்றம் ஆள் அனுப்பியது. "ஏம்மா, உன் புருஷன் வெறும் கூலித் தச்சனா?" என்று வக்கீலம்மா நேற்று என்னைக் கேட்கிறார்! ஷௌக்கி தன் தம்பி ஜாபிரின் பட்டறையில் நாள்கூலிக்கு மரம் அறுக்கிறார் என்று எழுதி வந்திருக்கிறதாம். கால்வாய்க் கரைப் பட்டறை, இத்தாலி ரம்பம், கெய்ரோவுக்குக் கட்டில் ஏற்றிப்போகும் லாரி, எல்லாவற்றையும் என்னை விரட்டிய மாதமே ஜாபிர் பேருக்கு மாற்றியிருக்கிறார். முதல் ரம்பம் என் வளையல்களை விற்று வாங்கியது என்பது உங்களுக்குத் தெரியாதா?

கூலிக்காரர் என்று முடிவாகிவிட்டால், கிடைக்கிற ஜீவனாம்சம் பிள்ளைகளின் பாலுக்கே காணாது. அப்பாவும் எத்தனை நாள் எங்களைச் சுமப்பார்? ஒரே ஒரு நாள் வந்து நீதிபதியிடம் உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
ராவியா


தும்யாத்,
11 அக்டோபர் 1996

என் கண்ணே ராவியா,

உன் கடிதம் வந்தபோது அவன் பட்டறையில் இருந்தான், அல்லாஹ் காப்பாற்றினான். இனி பக்கத்து வீட்டு முகவரிக்கே எழுது.

நீ போனபின் வீடு வீடாக இல்லை. உன் தையல் இயந்திரத்தைக் கோடரியால் கொத்திப் போட்டான். ஹனானின் கட்டிலையும் உடைத்து அடுப்பில் வைத்தான். நான் தடுத்ததற்கு விழுந்த அடியில் இன்னும் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை.

வழக்கைப் பற்றிச் சாப்பாட்டில் அவனே பேச்செடுத்தான். "கோர்ட்டுக்குப் போயி என்கிட்ட எதைப் பிடுங்குவாளாம்? ரம்பம் தின்னது போக மிச்சம் நாலு விரல் இருக்கு. வேணும்னா அதையும் வந்து வெட்டிட்டுப் போகச் சொல்லு" என்று கையை விரித்துக் காட்டினான். ஜாபிரும் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் என்ன செய்வேன், சொல்லு? புருஷனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, தம்பி போடும் சோற்றைத் தின்கிறவள். சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டு எந்த வீட்டுக்குத் திரும்புவேன்? பத்திரமும் ஜாபிர் பேரில் இருக்கிறது. அதை இல்லையென்று சொல்ல நான் யார்?

கோபித்துக்கொள்ளாதே. பேருந்து ஓட்டுநரிடம் முஷப்பக் கொடுத்தனுப்புகிறேன். சின்னவனுக்குக் கொடுக்காதே, பல் ஈறு புண்ணாகும்.

உன் அக்கா,
தவ்ஹீதா


மன்சூரா,
20 அக்டோபர் 1996

அன்புள்ள அக்கா,

மிட்டாய் வந்தது. ஹனான் தலைமுடி வரைக்கும் பாகை அப்பிக்கொண்டாள். அவள் சிரித்து வெகுநாளாகிவிட்டது.

பத்திரம் கிடக்கட்டும். பட்டறை திறந்த அன்று வாசலில் கடா அறுத்தோமே, ரத்தத்தில் கை தோய்த்துச் சுவரில் பதித்தது யார்? ஜாபிரும் ஆசையாகக் கையை நீட்டினான். உங்கள் தம்பி அதைத் தட்டிவிட்டு, "எட்றா கையை! சம்பாரிச்சவன் கைதான்டா சுவத்துல இருக்கணும்" என்று அத்தனை பேர் முன்னால் கத்தவில்லையா? ரத்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தானே!

மோதிர விரல் இல்லாத அந்தக் கை இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. எனக்கு அதை நன்றாகத் தெரியும். என் கன்னத்தில் விழும்போதெல்லாம் நடுவில் ஓர் இடைவெளி விட்டுத்தான் விழும். பாவி, நாசமாய்ப் போக!

நீங்கள் நீதிமன்றத்துக்கு வரவேண்டாம். வக்கீலம்மா ஜாபிரையே கூண்டில் ஏற்றப் போகிறார். அதற்குமுன் அவன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். சாப்பாட்டின்போது சிரித்துக்கொண்டே ஒருமுறை கேளுங்கள்: "ஏன்டா ஜாபிர், பட்டறை உன்னுதுன்னா சுவத்துல உன் கை ஏன்டா இல்ல?" அவன் கோபக்காரன் இல்லை, எதையும் உளறிவிடுவான். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

இது ஒன்றை மட்டும் செய்யுங்கள் அக்கா.

உங்கள்,
ராவியா


தும்யாத்,
18 நவம்பர் 1996

ராவியாவுக்கு,

கேட்டேன். முட்டைக்கோஸ் மஹ்ஷி பரிமாறிக்கொண்டே, நீ சொன்னபடி சிரித்துக்கொண்டே கேட்டேன். ஷௌக்கி அன்று வீட்டில் இல்லை.

ஜாபிர் உளறவில்லை. மெல்லுவதை நிறுத்தினான். "நல்லாக் கேட்டக்கா" என்றான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஒரு கடாவை ஓட்டி வந்தான். பழைய கைமேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னான். கடாவை அறுத்து, அதே இடத்தில் தன் ஐந்து விரலையும் பதித்தான். வேலையாட்கள் கைதட்டினார்கள். "அண்ணன் என் கூலியாளுன்னு கோர்ட்டே எழுதிருச்சு" என்று சொல்லி எல்லோருக்கும் கறி பங்கு வைத்தான். அவனும் எத்தனை வருஷம் அடி வாங்கியவன். நானும் ஒரு கூறு வாங்கிக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துறைமுகத்திலிருந்து மரத்தோடு ஷௌக்கி வந்தான். சுவரைப் பார்த்தான்.

"அழிடா அதை."

"என் சுவரு. பத்திரத்தைப் படிச்சுப் பாரு. கூலி வேணும்னா வியாழக்கிழமை வா."

மேசைமேல் உளி கிடந்தது. ஜாபிரின் கழுத்தில் அது பிடிவரைக்கும் இறங்கியது. என் சால்வையைச் சுருட்டி அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. என் உடையில் கடாவின் ரத்தம் எது, பிள்ளையின் ரத்தம் எது என்று எனக்குத் தெரியவில்லை. "அக்கா, கையைக் கழுவி விடு" என்றான். அதுதான் கடைசி.

போலீஸ் வந்தபோது ஷௌக்கி ஓடவில்லை. சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றான். "என் பட்டறைடா! என் காசு, என் ரம்பம், என் லாரி! செத்தவன்தான் என் கூலிக்காரன்! எழுதிக்கங்கடா!" என்று தெருவே கேட்கக் கத்தினான். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்தும் போட்டான். உன் வக்கீலம்மாவை நகல் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல். நீ தேடியது அதில் இருக்கிறது.

அவன் உன்னை அடித்தபோதெல்லாம் உன் பக்கம் நின்றேன். இன்றும் அவனுக்காக நான் பேச மாட்டேன், தூக்கில் போட்டாலும் அழ மாட்டேன். ஆனால் ஜாபிருக்குப் பால் புகட்டி வளர்த்தவள் நான். அந்தக் கேள்வியை என் வாயில் வைத்தது நீ. உனக்கு இப்படி ஆகும் என்று தெரியாது, அதை நம்புகிறேன். நம்பியும் மனசு ஆறவில்லை.

ஹனானுக்கு முஷப்பக் வைத்திருக்கிறேன். தீர்ந்தபின் அத்தையைக் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள். எனக்குப் பதில் எழுதாதே.

ஷௌக்கிக்கும் ஜாபிருக்கும் அக்கா,
தவ்ஹீதா