நடுவிலிருந்து கேட்டவனுக்கு

இன்று மத்தியானம் மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய் வண்டி ஒன்று எங்கள் ஆபீஸ் வாசலில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மூட்டைகளை இறக்கி வேப்பமரத்தடியில் அடுக்கினார்கள். ஜன்னல் வழியே அந்த வாசம் வந்ததும் என் வாய், என்னைக் கேட்காமலே, காண்டிராக்டருக்கு முன்பணம் கொடுக்கும் விதியை முணுமுணுக்க ஆரம்பித்தது. பக்கத்து மேசைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் ஏலக்காய் என்றால் பாயசம் ஞாபகம் வரும். எனக்கு மராமத்துக் கணக்கு விதிகள் அச்சடித்த கோடு புத்தகம் வருகிறது. எல்லாம் நீ செய்த வேலை.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அதை முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் எழுந்து போய்விடுவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. ஆகவே பொறு.

கம்பத்தில் நாம் குடியிருந்தது ஏலக்காய்க் கிட்டங்கியின் பின்கட்டு. வாசத்தில் தலை கனக்கிறது என்று வேறு யாரும் வாடகைக்கு வராத இடம், அதனால் நமக்குக் கட்டுப்படியானது. நீ அனுமந்தன்பட்டி வேதக்காரர் வீட்டுப் பிள்ளை. நான் கெங்குவார்பட்டியில் ஏர் பிடிக்கும் சம்சாரி மகன். மலையில் அணை வேலை தொடங்கி மராமத்து ஆபீசுக்கு ஆள் தேவைப்பட்டபோது, இரண்டு பேரும் தற்காலிகக் குமாஸ்தாவாக ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். கணக்குப் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் துரை எந்த நாளும் வீட்டுக்குப் போகச் சொல்லலாம்.

உனக்காவது கல்யாணம் ஆகவில்லை. என் மனைவியும் மகளும் தேவதானப்பட்டியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். "வேலை நிலைக்கட்டும் மாப்பிள்ளை. இன்னைக்கி இருக்கு, நாளைக்கி இல்லைங்குற வேலைய நம்பிப் பச்சப்பிள்ளைக்காரிய எப்படி அனுப்புறது?" என்றார் அவர். கோபம் வந்தது, ஆனால் மனுஷன் சொன்னதில் தப்பு இல்லை. ஒரு முறை போனபோது மகள் குப்புற விழுந்துகொண்டிருந்தாள். அடுத்த முறை போனபோது நடந்தாள், என்னைக் கண்டதும் பயந்து தாத்தாவின் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டாள். அன்று திரும்பி வந்து நான் சாப்பிடவில்லை. நீ என் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாய்.

முதல் தடவை நாம் படித்த லட்சணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ராகம் போட்டுப் படித்த பழக்கம். கோடு புத்தகத்தையும் அதே ராகத்தில், முதல் விதியிலிருந்து கடைசி விதி வரை, ஆளுக்கொரு மூலையில் ஆடிக்கொண்டே பாடினோம். கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை, "என்னய்யா, தெனமும் பஜனையா?" என்று கேட்டார். மதுரைக்குப் பரீட்சை எழுதப் போய்க் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். முன்பணத்தைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்டிருந்தான். அந்த விதி எனக்குத் தெரியும். ஆனால் ராகத்தில் முதலிலிருந்து ஓடி வந்தால்தான் அந்த இடம் வரும். வாய்க்குள் பாடத் தொடங்கினேன். மேற்பார்வைக்கு நின்ற வாத்தியார் வந்து, "இது பாட்டுக் கச்சேரி இல்லை" என்று மேசையைத் தட்டினார். விட்ட இடம் மறந்து போய் மறுபடி முதலிலிருந்து பாடினேன். மணி அடித்துவிட்டது. உனக்கும் அதே கதிதான்.

தோற்ற சேதி வந்த அன்று நான் ஊருக்கே போய் ஏர் பிடிக்கிறேன் என்று மூட்டை கட்டினேன். நீ அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய். "சின்ன வயசுல நான் செபத்தையும் இப்படித்தேன் படிச்சேன் மாப்ளே. நடுவுல தும்முனாக்கூட மறுபடி மொதல்ல இருந்துதான் வரும். சாமி பொறுத்துக்கிருவாரு. பரீட்சைக்காரன் பொறுக்க மாட்டான்" என்றாய். அப்புறம் என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, நடுவில் எங்கோ விரித்து, ஒரு கேள்வி கேட்டாய். எனக்கு ஒன்றும் வரவில்லை. உன்னை நான் கேட்டேன். உனக்கும் வரவில்லை. "பாத்தியா, வருசம் பூராப் பாடி ஒரு எழவும் தெரியல" என்று நீ சந்தோஷமாகச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றிலிருந்து ராகம் போயிற்று. ஒரு பக்கம் படித்தால் புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். எது விடுபட்டதோ அதை மட்டும் திறந்து பார்க்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவேயில்லை. பாடும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், மூடினால் எவ்வளவு தெரியாது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நேற்றுப் படித்ததைக் கேட்காமல் போன மாதம் படித்ததைக் கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நீ வரும் வழியில் ஆற்றங்கரையில் காத்திருப்பேன், குசலம் விசாரிக்காமலே தொடங்குவாய். எதிரே வரும் சுண்ணாம்பு வண்டி எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதும் செலவு, அது வழியில் கவிழ்ந்தால் எப்படி எழுதுவது என்று உயிரை எடுப்பாய்.

வீரபாண்டித் திருவிழாவில் அந்தப் பணியாரக் கடைக்காரரை மறந்திருக்க மாட்டாய். முந்தின நாள் காற்றில் பந்தல் சாய்ந்துவிட்டது, அதையே கொஞ்சம் அகலமாகக் கட்டிக்கொண்டிருந்தார். "புது வேலையா, மராமத்தா?" என்றாய். பழையபடி நிறுத்தினது மராமத்து என்றேன். "அகலப்படுத்துனது?" அது புது வேலை. "அப்ப ரெண்டையும் பிரிச்சு எழுது" என்று தெருவிலேயே என்னை உட்கார வைத்துக் கணக்குப் போட வைத்தாய். கம்பு எத்தனை, கீற்று எத்தனை என்று நீ எண்ணுவதைப் பார்த்துக் கடைக்காரர் வெளியே வந்தார். "யாருய்யா நீங்க, வரி போட வந்தீகளா? அங்கன பெரிய கடையெல்லாம் இருக்கு, அங்கிட்டுப் போங்க" என்று விரட்டினார். பணியாரமும் கிடைக்கவில்லை.

இரண்டாவது பரீட்சை நெருங்கியபோது உனக்குக் காய்ச்சல் வந்தது. மலைக்குப் போய் வந்தவர்களையெல்லாம் ஆட்டிவைத்த அதே காய்ச்சல். உன் அம்மா வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, "வாசிக்காத, சொல்லு" என்பாய். கண்ணை மூடிக் கிடப்பாய், தூங்கிவிட்டாய் என்று நினைத்து ஒரு விதியைத் தாண்டினால் கம்பளிக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வரும். கிளம்ப வேண்டிய நாளில் நான் போகவில்லை என்றேன். அப்போதுதான் நீ என்னைத் திட்டினாய். "ஏலே, நீ இங்கன உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா என் காய்ச்ச எறங்கிருமா? அங்கன ஒரு பிள்ள அப்பன் மொகத்தக் கண்டா ஒளியுது. போடா. நான் அடுத்த தடவ எழுதிக்கிறேன்." நான் வண்டியில் ஏறின பிறகும், முந்தின நாள் புத்தகத்தைத் தொடாதே, நன்றாகத் தூங்கு, தெரிந்த கேள்வியை முதலில் எழுது என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாய்.

அம்மையநாயக்கனூரில் ரயில் ஏறி மதுரை போனேன். உடைந்த கண்மாய்க் கரையை முன்னைவிட உயர்த்திக் கட்டினால் செலவை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தான். எனக்குப் பந்தலும் கீற்றும் கண்ணில் வந்தன, நிறுத்தாமல் எழுதினேன்.

திரும்பி வந்தபோது உனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கேள்வித்தாளைப் பிடுங்கிக்கொண்டு ஒவ்வொரு விடையாகச் சொல்லச் சொன்னாய். கேட்டு முடித்து, "நீ பாஸ். வீடு பாக்க ஆரம்பி" என்றாய். ஐப்பசி மழையில் காய்ச்சல் மறுபடி வந்தது. இந்தத் தடவை அது உன்னை விடவில்லை.

இப்போது சேதி. போன மாதம் கெஜட்டில் என் பெயர் வந்தது. வேலை நிரந்தரம். மாமனாரே வண்டி கட்டி மனைவியையும் மகளையும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஒங்க கூடப் படிச்ச தம்பியப் பாக்கணும்னு நெனச்சேன், குடுத்து வைக்கல" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நீ சொன்னபடி வீடு பார்த்துவிட்டேன். சாயங்காலம் ஆபீஸ் பிள்ளைகள் இரண்டு பேர் படிக்க வருகிறார்கள். வந்த அன்றைக்கே ராகம் போட்டார்கள், புத்தகத்தைப் பிடுங்கி நடுவில் விரித்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ அன்று ஏன் சந்தோஷப்பட்டாய் என்று அப்போதுதான் புரிந்தது.

மகள் இப்போது நன்றாகப் பேசுகிறாள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் காட்டி இது யாரோடது என்று கேட்கிறாள். நேற்றுச் சுவரில் மாட்டியிருக்கும் உன் குடையைக் காட்டினாள். உன்னை அடக்கம் செய்த அன்று உன் அம்மா அதை என்னிடம் கொடுத்து, "அவந்தேன் நனைஞ்சுக்கிட்டே திரிவான், நீயாச்சும் புடிச்சுக்கிட்டுப் போய்யா" என்றார்கள். அதைத்தான் ஆபீசுக்குக் கொண்டுபோகிறேன்.

"ஒங்க சித்தப்பாது" என்றேன்.

"சித்தப்பா எங்க?"

நீ எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறாய், இதை மட்டும் கேட்டதில்லை.

"பரீட்சை எழுதப் போயிருக்காக" என்றேன்.