சிரிப்பில் நின்ற கை

என் வீட்டு எசமானிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் உன் சொல்லைக் கேட்கிறார்களா, இல்லை என்னைப் போலத்தானா?

இங்கே ஒரு சின்ன சமாச்சாரம், பயப்படாதே. கிட்டாருக்கு லேக்கர் என்கிற பளபளப்புப் பூச்சு போடுகிறேன் அல்லவா? எங்கள் பட்டறையில் பீய்ச்சி அடிக்கிற மெஷின் கிடையாது. துணியைப் பொட்டலமாகச் சுருட்டி, பூச்சில் நனைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் துணி ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிய்த்துவிடும்.

நேற்று, இங்கே கம்பி மாட்டுகிற மொட்டைத்தலைப் பையன் குனிந்து பார்த்து, “என்னண்ணே, இதுல மூஞ்சி பார்க்கலாம் போலிருக்கே!” என்றான்.

“பார்க்காதப்பா, கிட்டார் பயந்துடும்” என்றேன். அதற்கு நானே விழுந்து சிரித்ததில் கை நின்றுவிட்டது. முன்பக்கத்தில், நட்டநடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு. உடனே அதன்மேல் பூசிவிட்டேன்.

முதலாளி பார்த்துவிட்டார், ஆனால் கத்தவில்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் காயட்டும், தேய்ச்சுப் பார்ப்போம். தழும்பு தெரிஞ்சா நீங்க ஊருக்குக் கிளம்பிடுங்க” என்றார். அதுவரை தொடக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். சோறு சரியாக இறங்கவில்லை, மற்றபடி சௌக்கியம்தான்.

உன் பழைய நூல் புடவை இரண்டு அனுப்பு, கஞ்சி போடாதே. இங்கே கிடைக்கிற துணி பூச்சில் தும்பு விடுகிறது. ஒன்று வேலைக்கு. இன்னொன்றைக் கிழிக்க மாட்டேன், என்னிடமே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஏடாகூடமானால் இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே நானும் வந்து நிற்பேன். என்ன ஆனாலும் புடவையை நீ அனுப்பிவிடு.

முதலாளி வருகிறார்.

உன் வாயாடி