நாலு சோதனையில் தேறிய எண்

ஜூன் 9

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. பட்டினச்சேரி விசைப்படகுகளுக்காக நானும் நண்பன் பிராங்க்ளினும் செய்த ஆபத்துப் பெட்டி தயார். பட்டனை அமுக்கினால் படகு இருக்கும் இடம் அந்தப் படகின் எண்ணால் பெருக்கப்பட்டு, பூட்டு எண்ணால் வகுத்த மீதியாகப் பூட்டிக்கொண்டு வரும். கரையில் என் கணினி அதைத் திறக்கும். பூட்டுக்கு ஒரு பெரிய பகா எண் தேவை. இணையத்தில் ஒரு பக்கத்தில் கண்ணில் பட்டது: 3215031751. 2, 3, 5, 7-ஐ அடியாக வைத்து அடுக்கேற்றிப் பார்க்கும் பகா எண் சோதனை செய்தேன். நாலிலும் தேறியது. பக்கம் முழுக்க யார் படிப்பது?

ஜூன் 12

படகுகளுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் கொடுத்தால் ஒருத்தரும் வாங்கவில்லை. கூட்டுத்தொகை ராசியாக வரணுமாம். அண்ணன் மணிவேலும் அப்படித்தான். "ஒண்ணு வர்ற மாதிரி குடுடா. 604 போடு." எரிச்சலோடு போட்டேன். மற்ற பதினொரு படகையும் சோதித்தாயிற்று, இதற்கென்று தனியாக ஒரு தடவையா?

ஜூன் 15

எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள்.

ஜூன் 17, மதியம்

604-இலிருந்து பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப. செய்தி திறக்கவில்லை. அண்ணனோடு நாலு பேர் — எங்கே என்று தெரியவில்லை. வாக்கிடாக்கியும் எட்டவில்லை. பிராங்க்ளின் மற்ற படகுகளுக்குப் பெட்டி வழியே செய்தி அனுப்பி அமுக்கச் சொன்னான், எல்லாம் திறக்கிறது. இது மட்டும் ஏன்?

ஜூன் 17, மாலை

151-ஆல் வகுபடுகிறது. பூட்டு எண்ணும், 604-உம்.

151 × 751 × 28351. பகா எண்ணே இல்லை. இப்போதுதான் அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தேன். கார்மைக்கேல் எண் என்ற வகை. இரண்டாயிரத்து ஐநூறு கோடிக்குள் இந்த நாலு சோதனையையும் ஏமாற்றும் ஒரே எண். அதை அங்கே போட்டிருந்ததே அதைச் சொல்லத்தான். தன்னோடு பொதுக் காரணி இல்லாத எண்களிடம் பகா எண் மாதிரியே நடக்குமாம். மாட்டினது எங்கண்ணன் மட்டும்.

அண்ணி அமிர்தம் வாசலில் நின்று, "கெடச்சுச்சா தம்பி?" என்று கேட்டார். அப்புறம்தான் உறைத்தது — இடம் முழுசாக அழியவில்லை. பொதுக் காரணி 151 என்பதால் 151 விடை வரும், அதில் ஒன்று சரி. போட்டுப் பார்த்தோம். பாலைவனம், மலை, பூமியிலேயே இல்லாத இடங்கள். ஒன்றே ஒன்றுதான் நம்ம கடல். அதைப் பக்கத்துப் படகுகளின் பெட்டிகளுக்கு அனுப்பினோம்.

ஜூன் 18

பக்கத்துப் படகுக்காரர்கள் 604-ஐ இழுத்து வந்துவிட்டார்கள். இன்ஜின் போய், உள்ளே முழங்கால் தண்ணீர். ஐந்து பேரும் உயிரோடு. எண் என் தப்பு என்று அண்ணனிடம் சொன்னேன். நாலு சோதனையிலும் தேறியதையும் சொன்னேன்.

"நீயும் எல்லாப் பரீட்சையிலயும் பாஸானவன்தாண்டா" என்றான். சிரிக்கவில்லை.

ஜூன் 24

பூட்டுக்குப் புது எண் போட்டாயிற்று. நாளை அண்ணன் போகிறான். அண்ணி கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு படகாகத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டும் திறந்தன. அண்ணி எழுந்திருக்கவில்லை.

"திரும்ப ஒரு தடவ, தம்பி."

மறுபடி முதல் படகிலிருந்து ஆரம்பித்தேன்.